இடையில் ஏதாவது

நூறிலிருந்து கீழே எண்ணச் சொன்னேன்.
காசிமேட்டு தேசப்பன் மேலே எண்ணினார்.
எட்நூறு, எட்நூத்தம்பது, தொள்ளாயிரம்.
குடலில் ஓட்டை விழுந்த வயிற்றோடு
மீன் ஏலம்.
வெள்ளை மருந்து நரம்பில் ஏற
ஆயிரத்து இருநூறில் நாக்கு நின்றது.
நஸ்ரின் தொண்டைக் குருத்தெலும்பை அழுத்திப் பிடிக்க
குழாயை உள்ளே விட்டேன்.
இனி அவர் மூச்சு எங்கள் பொறுப்பு.

மணி ஒன்று நாற்பது.
சுவருக்கு அந்தப் பக்கம், இரண்டாவது மேசையில்
வியாசர்பாடி ஜெபக்கனி.
வயிற்றுக்குள் பிள்ளையின் துடிப்பு தொண்ணூறுக்கு இறங்கி
ஏறி மறுபடி இறங்குகிறது.
ரோஸ்டரில் மூன்று பெயர் இருக்கிறது.
பரக்கத்துல்லா மஸ்கட் போய் ஏழு மாதம்,
யாரும் அவர் பெயரை அடிக்கவில்லை.
ஹெப்சிபாவுக்கு அடுத்த வாரம் பிரசவம்.
மூன்றாவது பெயர்தான்
இங்கிருந்து அங்கே ஓடுகிறது.

இரண்டாம் வருடப் பிள்ளை நஸ்ரின்.
மானிட்டர் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே இரு என்றேன்.
கதவைத் திறந்தே வைக்கச் சொன்னேன், எனக்கும் கேட்கட்டும் என்று.

ஜெபக்கனியை இறால் போல வளைத்து உட்காரவைத்து
முதுகெலும்பின் இடுக்கில் ஊசி நுழைந்த நேரம்
அந்தப் பக்கத்துச் சத்தம்
அரை ஸ்வரம் இறங்கியது.
இன்னும் அரை.
சங்கீதம் தெரியாது எனக்கு, இந்த ஒரு இறக்கம் தவிர.
ஊசியை விட முடியாது. திரும்பக்கூட முடியாது.
"நஸ்ரின், குழாய் எத்தனைல நிக்குது?"
"இருபத்தி நாலு, மேடம்."
"ரெண்டு வெளிய இழு. ரெண்டு பக்கமும் கேட்டுப் பாரு."
எண்ணூர் சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி
ஆஸ்பத்திரியையே ஆட்டிக்கொண்டு போனது.
அது போய் முடிந்ததும்
சத்தம் படியேறி வந்தது.
என் ஊசியின் நுனியில்
தெளிந்த ஒரு சொட்டு.

போன மாதம் மாநாட்டில் காட்டினார்கள்:
மூளை அலையைப் பார்த்து மருந்தைத்
தானே கூட்டிக் குறைக்கும் இயந்திரம்.
நல்ல இயந்திரம். கை தட்டினேன்.
எங்கள் தியேட்டரில் அதற்கு பிளக் பாயிண்ட் இல்லை.
அது இரண்டு அறைக்கு நடுவே ஓடுமா என்று
கேட்க நினைத்தேன், சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது.

காலை பதினொன்று.
தேசப்பன் மனைவி ஆபரேஷன் செய்தவரின் காலைத் தொட்டாள்.
என்னிடம் வந்து
"நர்சம்மா, கஞ்சி எப்பக் குடுக்கலாம்?" என்றாள்.
தையல் போட்ட டாக்டர் சொல்வார் என்றேன்.
கையில் என் ஆராய்ச்சிப் படிவம்,
நூற்றிப் பதினாறாவது ஆள்.
தூங்குமுன் கடைசியாக நினைவிருப்பது?
"ஆயிர்த்தி எரநூறு. அதுக்கு மேல எவனும் கேக்கல."
விழித்ததும் முதலில்?
"தாகம்."
இடையில் ஏதாவது?
யோசித்தார். மூக்கில் செருகிய குழாய் அசைந்தது.
"யாரோ ரெண்டு வெளிய இழுன்னாங்க.
வலைன்னு நெனச்சேன்."

எழுதிக்கொண்டேன். கை நடுங்கியது எழுத்தில் தெரிகிறது.
அந்தப் பக்கத்துக்கு மட்டும் தனி அத்தியாயம் வேண்டும்.
கேட்டிருக்கிறார் என்றால்
எவ்வளவு கேட்டார், மருந்து எங்கே குறைந்தது,
அப்போது நான் எந்த அறையில் இருந்தேன்.
வலி தெரிந்ததா என்று கேட்டேன். இல்லை என்றார்.
இரண்டு முறை கேட்டேன்.

வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினேன், முப்பத்தோராவது மணி நேரம்.
காலடிப்பேட்டையில் இறங்க வேண்டும்.
கடைசியாக நினைவிருப்பது: தண்டையார்பேட்டை, சுரங்கத்தின் இருட்டு.
முதலில்: கண்ணைக் குத்தும் வெயில், காவலாளியின் லத்தி
கம்பியில் தட்டும் சத்தம்.
"மேடம், விம்கோ டிப்போ. எறங்குங்க."
வண்டி எப்போது தரைக்கு மேலே வந்தது?
கதவு மூடும் மணி ஒவ்வொரு நிலையத்திலும் அடித்திருக்கும்.
ஒன்றும் கேட்கவில்லை எனக்கு.

எதிர் பிளாட்பாரத்துக்குப் போனேன்.
திரும்பும் வண்டி காலியாக இருந்தது,
நின்றுகொண்டே வந்தேன்.